பூதத்தின் கயிறும் நீலியின் குழந்தையும்

காவிரிப்பூம்பட்டினத்தில் தெருக்கள் கூடும் சதுக்கம் ஒன்றில் பூதம் ஒன்று குடியிருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அதன் கையில் பாசக்கயிறு. தவவேடத்தில் ஒளிந்துகொண்டு தீயது செய்பவர், மறைவில் நெறி தவறும் பெண்கள், அரசனுக்குத் துரோகம் நினைக்கும் அமைச்சர், பிறன்மனை நாடுபவர், பொய்ச்சாட்சி சொல்பவர், புறங்கூறுபவர் ஆகியோர் தன் கயிற்றுக்கு உரியவர்கள் என்று நான்கு காத தூரம் கேட்கும்படி அது குரல் கொடுக்கும். இந்திரவிழா நடக்கும் ஊரை வர்ணிக்கும் அந்தக் காதையில் பூதத்தின் பல்லைப் பற்றியோ கண்ணைப் பற்றியோ இளங்கோ ஒரு சொல்லும் செலவழிக்கவில்லை. அது யாரைப் பிடிக்கும், யாரைத் தொடாது என்பதைச் சொல்லிவிட்டு அடுத்த மன்றத்துக்குப் போய்விடுகிறார்.

இதே பூதம் பத்துக் காதைகள் கழித்து மறுபடி வருகிறது. மதுரையின் புறஞ்சேரியில் கோவலனைச் சந்திக்கும் மாடலன் என்ற மறையவன், அவன் முன்பு செய்த நல்ல காரியங்களை எடுத்துச் சொல்கிறான். அதில் ஒன்று: வறியவன் ஒருவன், கற்புள்ள ஒரு பெண்ணைப் பற்றி, தான் அறியாத பழியை அவள் கணவனிடம் சாட்சியாகச் சொல்லிவிட்டான். பூதம் அவனைக் கயிற்றில் கட்டியது. அவன் தாய் கதறினாள். அதைக் காணப் பொறுக்காத கோவலன் தானே கயிற்றுக்குள் புகுந்து, என் உயிரை எடுத்துக்கொண்டு இவனை விடு என்றான். பூதம் மறுத்தது. கீழானவன் உயிருக்கு ஈடாக நல்லவன் உயிரை வாங்கித் தன் மேலான கதியை இழக்கும் வழக்கம் தனக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, அவன் கண்ணெதிரே அந்தப் பொய்யனைக் கொன்றது. கோவலன் அந்தத் தாயையும் அவள் சுற்றத்தையும் பல்லாண்டு காப்பாற்றினான்.

மிகுபுனைவு நாவல் எழுத நினைப்பவர்கள் இந்தச் சில வரிகளைத் திரும்பத் திரும்பப் படிக்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன். பூதத்துக்கு ஒரு விதி இருக்கிறது. அந்த விதி இரக்கத்தையும் மீறியது. அதன் முன்னே வந்து நிற்பவனோ இரக்கம் மிகுந்து தன்னையே கொடுத்துவிடத் துணிபவன். விதி இல்லாத பூதமாக இருந்தால் அவன் கெஞ்சலுக்கு இளகியிருக்கும். கொடூரம் மட்டுமே கொண்ட பூதமாக இருந்தால் இருவரையும் தின்றிருக்கும். இரண்டிலும் கோவலன் யாரென்று நமக்குத் தெரிந்திருக்காது. அடுத்த காதையிலேயே இதே கோவலன், பொற்கொல்லன் ஒருவனின் பொய்யால், மதுரைத் தெருவில் வெட்டுப்படுகிறான். பொய்ச்சாட்சியைப் பிடிக்கும் பூதம் புகாரில் இருக்கிறது. அந்தப் பொற்கொல்லனைக் கட்டிப்போட மதுரையில் ஒரு கயிறு இல்லை. இளங்கோ இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. மாடலன் அந்தக் கதையை அந்த இடத்தில் சொல்வதே போதுமானதாக இருக்கிறது.

இன்று தமிழில் மிகுபுனைவு எழுத ஆசைப்படும் இளைஞர்கள் நிறையப் பேர். பலருடைய குறிப்பேடுகளில் முதலில் இருப்பது உயிரினங்களின் பட்டியல்: உயரம், நிறம், எத்தனை கண், என்னென்ன சக்தி. இதற்கு ஒரு வரலாறு உண்டு. கேரி கைகேக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டு, உலகத்துப் புராணங்களிலிருந்தெல்லாம் விசித்திர உயிர்களை அள்ளிவந்து எண்களாக மாற்றியது. விளையாட்டுக்கு எண்கள் தேவை. பகடை உருட்டி வெற்றி தோல்வி சொல்லியாகவேண்டும். 1977-இல் வந்த அதன் அரக்கர் கையேட்டில் நம் ராட்சசனும் இருக்கிறான், புலித்தலையோடு. கம்பனின் கும்பகருணனை அறிந்த ஒருவருக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்தால் வருத்தம் வரும். இராமன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தெரிந்தும், தம்பி வீடணன் நேரில் வந்து அழைத்தும், சோறிட்டு வளர்த்த அண்ணனை விட்டு வரமாட்டேன் என்று சாகப் போகிறவன் அவன். அந்த முடிவை எந்த அட்டவணையில் எந்த எண்ணாக எழுதுவது? விளையாட்டை நான் குறை சொல்லவில்லை. நாவலாசிரியர் அந்த அட்டவணையிலிருந்து தொடங்கினால், எழுதி முடிக்கும்போதும் அட்டவணையில்தான் நிற்பார் என்பதே என் கவலை.

சக்தியைவிட அதன் எல்லைதான் சுவையானது என்று அமெரிக்க மிகுபுனைவு எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் சொல்லிவருகிறார். சரிதான். ஆனால் எல்லை வைப்பதும் எளிதாக ஒரு சூத்திரமாகிவிடக்கூடும்: மந்திரம் போட்டால் மூக்கில் ரத்தம் வரும், மூன்று முறைக்கு மேல் மறைய முடியாது என்பது போல. இவை எல்லைகளே தவிர, கதைக்குள் யாரையும் தொடாத எல்லைகள். எதிரே நிற்கும் மனிதரின் குணத்தில் எது பலவீனமோ, அல்லது எது பலமோ, சரியாக அந்த இடத்தில் வந்து அழுத்தும் விதிதான் வேலை செய்கிறது. பாத்திரத்தை ஒரு பக்கமும் மாய உயிரை இன்னொரு பக்கமும் தனித்தனியாகப் படைத்துவிட்டுப் பிறகு சந்திக்கவைப்பதில் பயனில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் உருவாகவேண்டும்.

பழையனூர் நீலியின் கதை இதற்கு நாம் காட்டக்கூடிய மிக நல்ல சான்று. திருவாலங்காட்டை ஒட்டிய அந்த ஊரில் ஒருத்தி வஞ்சம் செய்து உயிர் கொண்ட செய்தியைச் சம்பந்தர் தம் தேவாரத்திலேயே குறிப்பிடுகிறார். ஆகவே கதை ஏழாம் நூற்றாண்டுக்கும் முந்தியது. பிறகு ஊருக்கு ஊர் சொல்கிறவர் வாயில் அது மாறியிருக்கிறது. சாரம் இது. முற்பிறவியில் தன்னைக் கொன்றவனைப் பழிவாங்கப் பேயாக வந்தவள் நீலி. அவன் இந்தப் பிறவியில் வணிகன். அவன் இடுப்பில் மந்திரித்த கத்தி ஒன்று இருக்கிறது. அது இருக்கும்வரை அவளால் அவனை நெருங்க முடியாது.

இங்கே ஒரு சாதாரண எழுத்தாளன் என்ன செய்வான்? கத்தி தொலைந்துபோகும். அல்லது கத்தியைவிடப் பெரிய மந்திரம் ஒன்று நீலிக்குக் கிடைக்கும். நாட்டார் கதை அப்படிச் செய்யவில்லை. நீலி ஒரு கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். பழையனூர் வேளாளர் சபைக்குப் போகிறாள். இவர் என் புருஷன், என்னை உதறிவிட்டுப் போகிறார் என்று அழுகிறாள். வணிகன் இவள் பேய் என்று கத்துகிறான். சபையார் குழந்தையை இறக்கிவிடச் சொல்கிறார்கள். அது நேரே அவனிடம் போய் அப்பா என்று ஒட்டிக்கொள்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மனைவியோடு தங்கும் இடத்தில் கத்தி எதற்கு என்று கேட்டு, உனக்கு ஏதாவது நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் கொடுக்கிறோம் என்று வாக்களித்து, கத்தியை அவர்களே வாங்கி வைத்துவிடுகிறார்கள். இரவில் அவன் சாகிறான். காலையில் உண்மை தெரிகிறது. வாக்குத் தவறாமல் எழுபது பேரும் தீப்பாய்கிறார்கள்.

இதில் மாயம் என்று பார்த்தால் ஒரு கள்ளிக்கொம்புதான். மீதி எல்லாம் மனிதர்கள் செய்தது. நீலியால் கத்தியை மீற முடியாது. ஆகவே கத்தியை எடுக்கக்கூடியவர்களைத் தேடிப் போகிறாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கைவிடப்பட்ட பெண்ணுக்கும் குழந்தைக்கும் நியாயம் செய்ய நினைக்கும் நல்லவர்கள்; அந்த நல்ல குணமே அவளுக்கு வழி திறந்துவிடுகிறது. பிறகு அதே குணம் அவர்களைத் தீக்குள் இறக்குகிறது. பேயின் விதி, வணிகனின் அச்சம், சபையின் அறம் ஆகிய மூன்றில் எதை உருவினாலும் கதை சரிந்துவிடும். பேய்க்கதை என்று நாம் ஒதுக்கிவைத்திருக்கும் இதில் இருக்கும் கட்டுமானம், பெரிய நாவல்கள் பலவற்றில் இல்லை.

இதே கட்டுமானத்தைக் கடல்கடந்த ஓர் ஆசிரியரிடமும் காண்கிறேன். உர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய முதல் ஏர்ஸீ நாவலில், கெட் என்ற இளம் மந்திரவாதி தன் செருக்கால் ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். அது அவனை வேட்டையாடுகிறது. அதன் பெயர் தெரிந்தால்தான் அதை அடக்க முடியும். இதற்கிடையே, தான் காவல் காக்கும் ஏழைத் தீவுகளுக்காக ஒரு முதிய டிராகனை எதிர்கொள்ளப் போகிறான். டிராகனின் உண்மைப் பெயரைப் பழைய வரலாறுகளிலிருந்து ஊகித்துச் சொல்லி அதைக் கட்டுப்படுத்துகிறான். உடனே டிராகன் பேரம் பேசுகிறது: உன்னைத் துரத்தும் அந்த நிழலின் பெயரை நான் சொல்கிறேன். கெட்டுக்கு உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான். அவன் வேண்டாம் என்று சொல்லி, நீயும் உன் பிள்ளைகளும் அந்தத் தீவுகளின் பக்கம் வரக்கூடாது என்ற சத்தியத்தை வாங்கிக்கொண்டு திரும்புகிறான். பெயரில் சக்தி இருக்கிறது என்ற ஒரே விதிதான் டிராகனையும் கட்டுகிறது, டிராகன் காட்டும் ஆசைக்கும் பொருள் தருகிறது. நெருப்புக் கக்கும் காட்சியைவிட இந்தப் பேரம்தான் நினைவில் நிற்கிறது.

டால்கீனின் கால்லம் வேறு வகையில் பாடம் சொல்கிறான். 'தி ஹாபிட்' 1937-இல் வெளிவந்தபோது கால்லம் இவ்வளவு பயங்கரமானவன் இல்லை. விடுகதைப் போட்டியில் தோற்றால் மோதிரத்தைப் பரிசாகக் கொடுக்கத் தயாராக இருந்தான். அது கிடைக்காதபோது மன்னிப்புக் கேட்டு, நாவலின் நாயகன் பில்போவுக்கு வெளியே போகும் வழியும் காட்டினான். பிறகு டால்கீன் அடுத்த பெரும் நாவலை எழுதும்போது அந்த மோதிரம், வைத்திருப்பவரைத் தின்னும் பொருளாக மாறிவிட்டது. அப்படிப்பட்ட மோதிரத்தை ஒருவன் பரிசாகக் கொடுப்பானா? ஆகவே 1951-இன் இரண்டாம் பதிப்பில் அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார். அதோடு நிற்கவில்லை. பழைய வடிவம், மோதிரத்தைத் தன் உரிமைப்பொருளாகக் காட்டப் பில்போ சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே இடம் கொடுத்தார். நேர்மையான ஒரு ஹாபிட்டையே பொய் சொல்லவைக்கும் மோதிரம் என்றால் அது எப்படிப்பட்டது என்று அந்த ஒரு பொய்யே காட்டிவிடுகிறது. மாயப்பொருளின் விதியில் கைவைத்தால் அதைத் தொட்ட ஒவ்வொரு பாத்திரத்தையும் மறுபடி எழுதவேண்டியிருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

சாத்தனாரின் மணிமேகலை இந்த வகையில் ஒரு சுரங்கம். அமுதசுரபியை எல்லோரும் அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் என்று அறிவோம். அது முதலில் ஆபுத்திரன் கையில் இருந்தது என்பதைப் பள்ளிப்பாடம் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம். ஆபுத்திரன் எல்லோருக்கும் சோறிடுகிறான். அவன் புகழைக் கண்ட இந்திரன் வரம் தர வருகிறான். பசித்தவர் முகம் மலர்வதைப் பார்ப்பதைவிட உன்னிடம் என்ன இருக்கிறது என்று ஆபுத்திரன் சிரித்துவிடுகிறான். இந்திரனுக்குக் கோபம். பாத்திரத்தைப் பிடுங்கவில்லை, உடைக்கவில்லை. மழையைப் பெய்யவிட்டான். நாடு செழித்தது. பசியோடு வருபவர் ஒருவரும் இல்லை. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பசித்தவர் யாராவது உண்டா என்று ஆபுத்திரன் ஊர் ஊராக அலைகிறான். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறி, மணிபல்லவத் தீவில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. தனக்கு மட்டும் சோறு தர இந்தப் பாத்திரம் எதற்கு என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் துறக்கிறான்.

சக்தி குறையவே இல்லை, தேவை மறைந்துவிட்டது. கொடுப்பதில்தான் தன் வாழ்க்கை என்று நினைத்தவனை, வாங்க ஆளில்லாமல் செய்து வீழ்த்துகிறான் இந்திரன். வில்லன் என்று ஒருவனை எழுதும்போது இவ்வளவு நுட்பம் கொண்ட பகையை நாம் யோசிக்கிறோமா?

அதே காப்பியத்தில் சம்பாபதியிடம் ஒரு தாய் வாதாடும் இடம் உண்டு. சார்ங்கலன் என்ற சிறுவன் சுடுகாட்டில் பேயின் கூத்தைக் கண்டு அஞ்சி வந்து இறந்துபோகிறான். பார்வையற்ற தாய் கோதமை பிணத்தைத் தூக்கிக்கொண்டு தெய்வத்தைக் கூவி அழைக்கிறாள்: என் உயிரை எடுத்துக்கொள், அவனைத் தா, பார்வையற்ற அவன் தந்தையை அவன் காப்பாற்றுவான். உயிருக்கு உயிர் மாற்ற முடியுமானால் அரசர்களுக்காக உயிர் தர ஆள் இல்லையா, இந்தச் சுடுகாட்டில் அரசர்களுக்குக் கோட்டங்கள் ஏன் எழுந்தன என்கிறது தெய்வம். அவள் விடவில்லை. தேவர்கள் வரம் தருவார்கள் என்று மறை சொல்கிறதே என்கிறாள். சம்பாபதி சக்கரவாளத்துத் தெய்வங்கள் எல்லோரையும் அவள் முன் வரவழைத்துக் கேட்கச் செய்கிறது. எல்லோரும் அதையே சொல்கிறார்கள். தெய்வங்களின் முழுச் சபையும் திரண்டு வந்து, தங்களால் முடியாது என்று ஒரு தாயிடம் சொல்லும் காட்சி. இங்கே ஒரே ஒரு தெய்வம் இளகி அந்தச் சிறுவனை எழுப்பியிருந்தால், அதன் பிறகு காப்பியத்தில் எந்தச் சாவுக்கும் கனம் இருந்திருக்காது.

சதுக்கப் பூதமும் மணிமேகலையில் வருகிறது, இன்னும் தெளிவான வரம்போடு. இளவரசன் ஒருவன் மருதி என்ற பார்ப்பனப் பெண்ணை விரும்பித் துன்புறுத்தியபோது அவள் பூதத்திடம் வந்து முறையிடுகிறாள். தண்டிக்கவேண்டியது அரசன், அவனுக்கு ஏழு நாள் தவணை, அவன் தவறினால்தான் என் முறை என்கிறது பூதம். கெடு முடிவதற்குள் அரசன் ககந்தன் தன் மகனையே வாளால் வெட்டினான். ஒரு பூதம் தன் அதிகார எல்லையை மதித்துக் காத்திருக்கிறது. அந்த ஏழு நாளின் பாரம் முழுவதும் ஒரு தந்தையின் மேல் விழுகிறது.

விதி மட்டும் போதாது என்பதற்கு ஜெயங்கொண்டாரிடம் போகவேண்டும். முதல் குலோத்துங்கனின் படை கலிங்கத்தை வென்றதைப் பாடும் பரணியில் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் சமைக்கின்றன. பரிமாறும்போது ஒவ்வொரு பேயாக அழைத்து ஊற்றச் சொல்கிறார் புலவர். குருட்டுப் பேய், ஊமைப் பேய், கருவுற்ற பேய், கனவு கண்ட பேய். பார்ப்பனப் பேயும் புத்தப் பேயும் உண்டு. சமணப் பேய் உயிர்க்கொலை செய்யாது, ஒரு வேளைதான் உண்ணும்; ஆகவே கூழில் மயிர் கிடக்கிறதா என்று பார்த்து, துணியால் வடிகட்டி ஊற்றவேண்டும். அந்தத் துணி நிணத்தால் ஆனது. பசி என்ற பொது விதிக்குள் ஒவ்வொரு பேயும், இருந்தபோது பழகிய பழக்கத்தை இறந்த பிறகும் விடாமல் வைத்திருக்கிறது. கூட்டமாக வரும் மாய உயிர்களை எழுதுபவர்கள், ஆயிரம் பேரையும் ஒரே முகத்தோடு ஓடவிடாமல் பத்துப் பேருக்காவது ஆளுக்கொரு பழக்கம் கொடுக்கக் கற்கவேண்டிய இடம் இது.

கூட்டத்துக்கு முகம் இல்லாமல் போவதில் ஓர் அறச்சிக்கலும் இருக்கிறது. டால்கீன் தம் நாவலில் தீமையின் படையாக வரும் ஆர்க்குகளைப் பற்றிக் கடைசிவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. தீமையால் புதிதாக உயிர் படைக்க முடியாது என்பது அவர் நம்பிக்கை. அப்படியானால் ஆர்க்குகள் கெடுக்கப்பட்ட உயிர்கள். அப்படியானால் அவற்றுக்கு மீட்பு உண்டா? நாவலில் அவை ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்ட பிறகும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. சாத்தனார் நரமாமிசம் தின்னும் நாகர்களிடம் கப்பல் உடைந்த சாதுவனை அனுப்புகிறார். அவனுக்கு அவர்கள் மொழி தெரியும், அதனால் பிழைக்கிறான். எலும்புகளுக்கு நடுவே துணையோடு அமர்ந்திருக்கும் அவர்கள் தலைவன், கொல்லாதே என்கிறாயே, நாங்கள் எதைத் தின்பது என்று கேட்கிறான். சாதுவன் வாங்கும் வாக்கு சின்னது: கப்பல் உடைந்து வருபவர்களைக் கொல்லாதே; மூப்பால் தானே சாகும் விலங்கைத் தவிர வேறெதையும் கொல்லாதே. மறுபக்கத்துக்கு ஒரு வயிறு இருக்கிறது, அதற்கு ஒரு கேள்வி இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகு நடக்கும் பேச்சு அது.

நவீன எழுத்தில் இந்த ஞானத்தைப் புதுமைப்பித்தன் கைவிடவில்லை. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் சென்னைக்கு வரும் கடவுளிடம், வரம் கொடுக்கிற வித்தையெல்லாம் இங்கே செல்லாது என்று பிள்ளை முதலிலேயே தடுத்துவிடுகிறார். சர்வ வல்லமைக்கு அந்த ஒரு நிபந்தனை விழுந்த பிறகுதான், ஒரு சின்னப் பத்திரிகைக்காரர் வீட்டில் கடவுள் விருந்தாளியாக இருக்க முடிகிறது.

இப்போது பலரும் யாளியை நாவலுக்குள் கொண்டுவர விரும்புகிறார்கள். நல்ல ஆசை. மதுரைப் புதுமண்டபத்தில் தூண்களோடு எழுந்து நிற்கும் யாளிகளையும், தாரமங்கலத்தில் வாய்க்குள் கல் உருண்டை உருள நிற்பதையும் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை வராமல் இருக்காது. ஆனால் சிங்க உடல், யானைத் துதிக்கை என்று உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அது படத்தில் கர்ஜிக்கும் இன்னொரு டைனோசர் ஆகிவிடும். அகநானூற்றில் ஓர் ஆளி வருகிறது. புலி நடுங்க, யானையின் முகத்தில் அறைந்து, தந்தத்தைப் பிடுங்குகிறது. அது உலவும் மலைவழியில் இரவில் காதலன் வருகிறான். அவனுக்காக அஞ்சிக்கொண்டு ஒருத்தி காத்திருக்கிறாள். ஆளிக்கு அந்தப் பாட்டில் ஓர் எதிராள் இருக்கிறாள். தூணில் ஏறியபோது அவளைப் பிரிந்துவிட்டது. யாளியை எழுதப்போகிறவர் முதலில் தேடவேண்டியது அவளை: இன்றிரவு வழியில் யார் வருகிறார்கள், வீட்டில் யார் விழித்திருக்கிறார்கள், யானையைக் கொல்லும் அந்த விலங்கு எதை மட்டும் தொடாது, அது அவளுக்குத் தெரியுமா.